வெளுத்தால் சரக்கு, கறுத்தால் ஆள்

தங்கபுஷ்பத்தின் இடது கன்னத்துக்குள் மூன்று வருடமாக மழைக்காலம். வலது கன்னத்தில் விட்டு விட்டுத் தூறல். நெற்றியில் எப்போதும் மேகமூட்டம். மற்றபடி ஆரோக்கியமான பெண். முப்பத்து நான்கு வயது. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் வேலை.

பட்டுப் பிரிவு தரைக்குக் கீழே முதல் தளத்தில் இருந்தது. பட்டுக்கு வெயில் ஆகாது, நிறம் வெளுத்துவிடும். அதனால் அந்தத் தளத்தில் வெயிலுக்கு அனுமதி இல்லை. பெண்களின் விடுதி கடைக்குப் பின்னால் இருந்தது. விடுதியிலிருந்து கடைக்கு வர ஒரு சுரங்கப்பாதை உண்டு. அவள் சேர்ந்த புதிதில் அதை நான்கு நிமிடத்தில் நடந்துவிடலாம். இப்போது நாற்பது நிமிடம் ஆகிறது. யாரும் அதை நீட்டவில்லை. பாதைக்கும் வயது ஏறுமில்லையா.

ஆறு வருடமாக அவள் வெயிலைப் பார்க்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போவாள். இருட்டிய பிறகு பஸ் ஏறி, விடியும் முன்னால் போய் இறங்கி, பகல் முழுக்கத் தூங்கி, இருட்டிய பிறகு திரும்ப பஸ் ஏறுவாள். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான்.

"நல்லா வெளுத்துட்டட்டி. இந்த நிறத்த விட்டுராத. வெயில்ல கியில்ல நின்னுராத."

"எங்கம்மா நிக்க?"

"அதான் நல்ல கடை."

கன்னத்து மழையைக் கடைக்காரர்கள் வீணாக்கவில்லை. தினமும் காலையில் அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவார்கள். 'தங்கபுஷ்பம்: அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் இடது கன்னத்தில் மிதமான மழை. நெற்றியில் ஓரிரு இடங்களில் இடி.' பக்கத்துக் கவுண்டர் ஜெபக்கனி அதைப் படித்துவிட்டுத்தான் துணி துவைப்பாள். உவரியிலிருந்து பெயர் தெரியாத மீனவர் ஒருவரும் காலையில் போன் செய்வார்.

"தாயி, இன்னைக்குக் கடலுக்குப் போலாமா?"

"மூக்கு ரெண்டும் அடைச்சிருக்கு அண்ணே. போவாதிய."

"சரி தாயி."

அவ்வளவுதான் பேச்சு. அவள் சொன்னது ஒரு நாளும் பொய்த்ததில்லை.

வாசனைதான் போய்விட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்று. விடுதிச் சாம்பாரை மற்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சாப்பிடும்போது இவள் மட்டும் அமைதியாகச் சாப்பிடுவாள். அந்த ஒரு லாபம் இருந்தது. மறைக்கக் கூடாது.

காது மூக்குத் தொண்டை டாக்டர் நளாயினி சுரங்கப்பாதையின் நடுவில் ஒரு மேஜை போட்டிருந்தார். பாதை நீள நீள அவர் மேஜையும் நடுவிலேயே இருப்பதற்காக நகர்ந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் ஒரு புதன்கிழமை அதை எட்டிப் பிடித்தாள்.

"மூச்சு விடுங்க," என்றார் டாக்டர்.

"விட்டுட்டேன்."

"எங்க?"

தங்கபுஷ்பம் சுற்றிப் பார்த்தாள். மூச்சைக் காணவில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்தார். படத்தில் கன்னம் இரண்டும் வெள்ளையாக இருந்தன. ஓரத்தில் ஒரு சிறிய ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"நாள்பட்ட சைனஸ். அது இருக்கட்டும். ரத்தத்துல வைட்டமின் டி பார்த்தேன். நாலு."

"நாலு நல்லதா டாக்டர்?"

"பிள்ளைங்கன்னா நல்லது. இது முப்பது இருக்கணும்."

"ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?"

"ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. ஆனா என்கிட்ட ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, ஒரே வண்டியில வர்ற அண்ணன் தம்பி மாதிரி." டாக்டர் சீட்டு எழுதினார். "வாரம் ஒரு மாத்திரை. கொழுப்போட சாப்பிட்ட பிறகு போடுங்க."

"ஹாஸ்டல் சாப்பாட்டுல கொழுப்பு கிடையாது டாக்டர்."

"அப்ப தினமும் காலைல பதினோரு மணிக்கு மேல இருபது நிமிஷம் வெயில்ல நில்லுங்க."

"அப்ப கவுண்டர்ல இருப்பேன்."

"வெயில கவுண்டருக்கு வரச் சொல்லிப் பாருங்க."

அவள் சொல்லிப் பார்த்தாள். ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டாள். மறுநாள் பதில் வந்தது. வெயில் நம் கடைக்குச் சரக்குப் போடுபவர்களின் பட்டியலில் இல்லை என்று இருந்தது. பதில் மரியாதையாகத்தான் இருந்தது.

இதுவரைக்கும் எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். அடுத்த திங்கட்கிழமை வருகைப் பதிவு இயந்திரத்தில் அவள் கட்டைவிரலை வைத்தாள். இயந்திரம் கொஞ்சம் யோசித்தது.

"சரக்குக்கு வருகைப் பதிவு கிடையாது," என்றது.

அவள் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"சரக்குக்கு வருகைப் பதிவு கிடையாது. தயவுசெய்து அலமாரிக்குச் செல்லவும்."

தளத்து சூப்பர்வைசர் தனுஷ்கோடி அண்ணாச்சியிடம் ஓடினாள். அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வருடமாக அந்தத் தளத்தில் நிற்கிறார். அந்தக் கடையில் யாரும் உட்காருவதில்லை. நாற்காலி எல்லாம் வாடிக்கையாளருக்கு. அண்ணாச்சியின் முழங்கால் மடங்குவதை யாரும் பார்த்ததில்லை, ஒருவேளை அது மடங்காமலே இருக்கலாம்.

அவர் ஸ்டாக் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஆடித் தள்ளுபடி முடிஞ்சு ஸ்டாக் எடுத்தோம்லா? அன்னைக்கு நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"ஒரு அம்மாவுக்கு மயில்கழுத்துப் பட்ட என் தோள்ல போட்டுக் காட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி."

"அதான். டேக் உன் தோள்ல கிடந்திருக்கு. ஸ்டாக் எடுக்க வந்தவன் உன்னையும் சேத்து எழுதிட்டான்." அவர் விரல் வைத்துப் படித்தார். "'பட்டு. மயில்கழுத்து. ஒன்று. ஈரம்.'"

"சேலை அன்னைக்கே வித்துப் போச்சே."

"சேலை வித்துட்டு. நீ விக்கல. கணக்குச் சரியாத்தான் இருக்கு."

அந்தக் கடையில் பட்டு விற்கிற பெண்கள் எல்லோருமே சேலையைத் தங்கள் தோளில் போட்டுத்தான் காட்டுவார்கள். மடித்து வைத்த சேலையை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் இப்படி ஒரு தவறு நடக்க எல்லா நியாயமும் இருந்தது. தங்கபுஷ்பம் யாரையும் குறை சொல்லவில்லை. 'ஈரம்' என்ற சொல்தான் அவளை உறுத்தியது.

"ஈரம்னு ஏன் எழுதியிருக்கு?"

"தொட்டுப் பாத்திருப்பான். உன் மூஞ்சிதான் எந்நேரமும் மழையில கிடக்கே." அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "புஷ்பம், நான் நல்லதுக்குச் சொல்லுதேன். ஈரச் சரக்கெல்லாம் வெள்ளிக்கிழமை கீழ போவுது. ரெண்டாம் தளத்துக்கு. காயறதுக்கு."

"அங்க வெயில் உண்டா?"

"இங்கயே கிடையாது. அங்க எப்படி?"

"பின்ன எப்படிக் காயும்?"

"காயாது. அதனாலதான் யாரும் திரும்பி வரல."

ஜெபக்கனிக்கு இந்த விஷயம் தெரியும். அவள் ஒருமுறை கீழே போய்ப் பெட்டி எடுத்து வந்தவள். சாப்பாட்டு வேளையில் கவுண்டருக்குக் கீழே குனிந்து சொன்னாள்.

"போன வருசம் வசந்தாவ அனுப்பினாவல்லா. சும்மா சளிதான் அவளுக்கு. இப்ப மூணாவது அலமாரில எட்டா மடிச்சு வச்சிருக்காவ. கூப்பிட்டேன். 'ம்'ன்னா. வேற பேச்சு இல்ல."

"நல்லா இருக்காளா?"

"கசங்கல."

தங்கபுஷ்பம் தட்டைத் தள்ளி வைத்தாள். எட்டாக மடிந்து இருட்டில் 'ம்' சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு விருப்பம் இல்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும் இருக்குமா என்ன. கையைக் கழுவிவிட்டு நேராக அண்ணாச்சியிடம் போனாள்.

"நான் ஆளுன்னு நிரூபிக்க என்ன வழி அண்ணாச்சி?"

அண்ணாச்சி நல்ல மனிதர். விதிப் புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"இருக்கு. பதினேழாம் விதி. சந்தேகப்பட்ட பொருள வாசல் வெயில்ல இருவது நிமிசம் வைக்கணும். வெளுத்தா சரக்கு. கறுத்தா ஆள்."

"சரி. வாசலுக்குப் போறேன்."

"கேட் பாஸ்?"

"எழுதித் தாங்க."

"ஆளுக்குத்தானம்மா பாஸ். நீ ஆளுன்னா எழுதித் தருவேன்."

"சரக்கு வெளிய போக வழியே கிடையாதா?"

"வாடிக்கையாளர் கேட்டா கொண்டு போகலாம். அவங்க கேட்டா நாங்க மறுக்கறதே இல்ல."

செவ்வாய்க்கிழமை அவள் கவுண்டரின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. புதன்கிழமை ஒரு அம்மா அவளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி இன்னும் கொஞ்சம் லேசான எடையில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. வியாழக்கிழமை இடது கன்னத்தில் நாள் முழுக்கக் கனமழை. பக்கத்தில் இருந்த சேலைகளை எல்லாம் தூரத் தள்ளி வைத்தார்கள். ஜெபக்கனி மட்டும் ஒரு துண்டு கொண்டுவந்து முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கீழே கொண்டு போகிற தள்ளுவண்டி வந்து நின்றது. தங்கபுஷ்பத்தைக் கவுண்டரிலிருந்து தூக்கி அதன் மேல் கிடத்தினார்கள். அதே நேரத்தில்தான் பெருந்துறையிலிருந்து பாவாயி அம்மாளும் வந்தார். கூடப் பதினோரு உறவுக்காரர்கள். பேத்திக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டும்.

பாவாயி அம்மாள் விளக்கு வெளிச்சத்தை நம்பாதவர். ட்யூப்லைட்டை நம்பி எடுத்த ஒரு கத்தரிப்பூ நிறம் ஊருக்குப் போனதும் சாணி நிறமாகிப் போன கதையை அவர் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். ஜெபக்கனி நூற்று நாற்பது சேலைகளை விரித்துப் போட்டாள். அம்மாள் ஒன்றையும் தொடவில்லை.

"ஏனுங், அந்த ஓரத்துல வண்டி மேல கெடக்குதே, அதென்னங்?"

"அது நான்மா," என்றாள் தங்கபுஷ்பம்.

"நல்லாருக்குது. என்ன நெறமுங் இது?"

"மயில்கழுத்துன்னு எழுதியிருக்கு."

"எனக்கு அப்புடித் தெரியல. வெளுப்பாட்டம் தெரியுது." பாவாயி அம்மாள் கண்ணைச் சுருக்கினார். "இந்த லைட்டுல ஒண்ணும் சொல்ல முடியாதுங். வாசலுக்குக் கொண்டாங். வெளிச்சத்துல பாக்கோணும்."

அண்ணாச்சி தள்ளுவண்டியைப் பார்த்தார். பாவாயி அம்மாளைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்று சொன்னதே இல்லை. அந்தச் சொல்லுக்கு அவர் வாயில் இடமே இருந்ததில்லை.

"தாராளமாப் பாருங்கம்மா."

அவரே அவளை மடித்தார். முதலில் இரண்டாக, அப்புறம் நான்காக. வலிக்கவில்லை. எங்கே மடிய வேண்டும் என்று அவள் முழங்கால்களுக்குத் தெரிந்திருந்தது. பாவாயி அம்மாளின் மருமகன் அவளை இரண்டு கைகளிலும் சீர்த்தட்டு போல ஏந்திக்கொண்டார். எல்லோரும் படியேறினார்கள். அண்ணாச்சியும் ஸ்டாக் புத்தகத்தோடு, முழங்காலை மடக்காமல் பின்னால் ஏறினார்.

மேலே போக இருபத்திரண்டு படிகள். நாற்பதாவது படியில் மருமகன் கை மாற்றினார். நூறாவது படியில் எல்லோரும் நின்று தண்ணீர் குடித்தார்கள். முந்நூறாவது படியில் ஒரு சித்தப்பா இங்கேயே ஒரு நல்ல சேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சென்னிமலைக்கு நடந்தே ஏறுனவ நானு," என்றார் பாவாயி அம்மாள். "இது ஒரு படியா. வாங் பேசாம."

மருமகன் கையில் கிடந்த தங்கபுஷ்பம் கூரையைப் பார்த்துக்கொண்டே போனாள். விளக்குகள் குறைந்துகொண்டு வந்தன. கூரை முடிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை, மேலே நீலமாக இருந்தது.

கடை கிழக்குப் பார்த்தது. பதினொன்றே கால் மணிக்கு வாசற்படிகளில் முழு வெயில். அவளை உதறி, விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மற்ற உறவுக்காரர்கள் வட்டமாக நின்றார்கள். அண்ணாச்சி கதவு நிழலில், ஸ்டாக் புத்தகத்தோடு நின்றார். நிழலின் ஓரத்தில் அவர் செருப்பு மிகச் சரியாக நின்றது.

ஐந்து நிமிடம் ஆனது.

"வெளுக்குதா?" என்று அண்ணாச்சி நிழலிலிருந்து கேட்டார்.

"இருங்," என்றார் பாவாயி அம்மாள்.

பத்தாவது நிமிடம் தங்கபுஷ்பத்தின் மூக்குக்குள் எதுவோ நகர்ந்தது. மேஜை நாற்காலியைத் தரையோடு இழுப்பது போலச் சத்தம் கேட்டது. பதிமூன்றாவது நிமிடம் இடது கன்னத்தில் மழை விட்டது. மூன்று வருடத்துத் தண்ணீர் மூக்கு வழியாக வாசற்படியில் ஓடி, படிப்படியாக இறங்கி, தெருவோரம் போய்ச் சேர்ந்தது. மருமகன் காலைத் தூக்கிக்கொண்டார். தண்ணீரோடு குடை பிடித்த சிறிய ஆள் ஒருவனும் வெளியே வந்தான். குடையை மடக்கினான். பாவாயி அம்மாளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

அப்புறம் வாசனை வந்தது.

முதலில் வந்தது சாக்கடை. அவள் அதை முழுசாக உள்ளே இழுத்தாள். நல்ல கெட்டியான, பழைய சாக்கடை. பின்னாலேயே பஸ் புகை, சோளக்கதிர் சுடுகிற கரி, யாரோ உரித்த ஆரஞ்சுப் பழத் தோல். அவள் கண் நிறைந்துவிட்டது. இது மழை இல்லை, வேறு தண்ணீர்.

"அம்மா, உங்க கையில விளக்கெண்ணெய் வாசம் அடிக்கி," என்றாள்.

"முட்டிக்குத் தேச்சேனுங்," என்றார் பாவாயி அம்மாள். அப்புறம்தான் யோசித்தார். "ஏனுங் மாப்ள, பட்டு பேசுமாங்?"

"பழைய ஜரிகைன்னா பேசுமோ என்னவோ," என்றார் மருமகன்.

இருபது நிமிடம் ஆனது. பாவாயி அம்மாள் தங்கபுஷ்பத்தின் மணிக்கட்டைத் திருப்பினார். வளையலை மேலே தள்ளினார். வளையல் இருந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு. மற்ற இடம் எல்லாம் ஒரு சாயல் கறுத்திருந்தது. வெயிலில் போட்ட மாங்காய்த் துண்டின் ஓரம் போல, அவ்வளவுதான். ஆனால் கறுப்பு கறுப்புதான்.

அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"வேண்டாங். நெறம் மாறுது. கல்யாணத்தன்னைக்கு ஒரு நெறம், மறுவீட்டுக்கு ஒரு நெறம்னா நல்லாருக்காது." அவளை விரித்தவாறே மெதுவாகப் படியில் நிற்க வைத்தார். கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினார். "நல்லா இல்லைன்னு சொல்லல கண்ணு. கல்யாணத்துக்குத்தான் வேண்டாம்னேன்."

"சரிம்மா."

"நேரத்துக்குச் சாப்புடு. என்னமோ மெலிஞ்ச நெசவாட்டம் இருக்கற."

பன்னிரண்டு பேரும் அடுத்த கடைக்குப் போனார்கள்.

அண்ணாச்சி ஸ்டாக் புத்தகத்தைத் திறந்தார். 'பட்டு. மயில்கழுத்து. ஒன்று. ஈரம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தார். மேலே 'ஆள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடியில் ஒரு கோடும் போட்டார். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இனிமே நீ ஆளும்மா புஷ்பம்."

"நன்றி அண்ணாச்சி."

"வெளிய நிக்கியே, கேட் பாஸ் எங்க?"

"வரும்போது கேக்கலையே அண்ணாச்சி."

"சரக்குன்னா பாஸ் வேண்டாம். நீதான் சரக்கு இல்லையே. ட்யூட்டி நேரத்துல ஆளு வெளிய நிக்கக் கூடாது." அவர் குரலில் கோபம் இல்லை. "கீழ வா. எழுதித் தாறேன். வாங்கிட்டு மேல வந்து நில்லு. யாரு வேண்டாம்னா?"

தங்கபுஷ்பம் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். படிகள் கீழே இறங்கிக்கொண்டே இருந்தன. அவற்றின் முடிவில் விளக்கு தெரியவில்லை. எங்கோ ஆழத்தில் ஜெபக்கனி ஒரு சேலையை உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். உட்காருவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று எழுதியவர்கள் நினைக்கவில்லை.

"என்னம்மா இது?"

"காஞ்சதும் வாறேன் அண்ணாச்சி."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"மூணு வருசத்து ஈரம்லா."

அவர் அதை நியாயமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நிழலின் ஓரத்திலேயே நின்றார். பன்னிரண்டு மணி தாண்டியதும் வெயில் மேல் படியை விட்டு அடுத்த படிக்கு இறங்கியது. தங்கபுஷ்பமும் ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள். நிழலோடு அண்ணாச்சியும் ஒரு படி இறங்கினார். அதற்கு மேல் அவர் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

வெயில் இன்னொரு படி இறங்கியது. அவளும் இறங்கினாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனை?"

"எது எத்தனை?"

"வைட்டமின் டி."

"நான் பாக்கலம்மா."

"பாருங்க."

அவர் கையை மட்டும் நிழலுக்கு வெளியே நீட்டினார். விரல் நுனியில் வெயில் பட்டது. சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போல இழுத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து மறுபடி நீட்டினார்.

ஒன்றரை மணிக்கு வெயில் படிகளை முடித்துக்கொண்டு நடைபாதைக்குப் போனது. இரண்டே கால் மணிக்குத் தார்ச்சாலையின் பாதியில் இருந்தது. அவள் நடைபாதை ஓரத்தில் எழுந்து நின்றாள். பின்னால் அண்ணாச்சியின் குரல் கேட்டது. மிகத் தூரத்திலிருந்து, ஐந்நூறு அறுநூறு படி மேலிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

"புஷ்பம், எப்ப வருவ?"

வெயில் எதிர்ச்சாரியின் முதல் கடை வாசலைத் தொட்டது. சாலையைக் கடக்கும் முன் அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.